முன் கண்ணாடியில் ஒரு பெயர்

மே 11, ஞாயிறு

இது என் பேரன் ஹரிபிரசாத் கொடுத்த கம்பெனி டைரி. பொங்கலுக்கு வந்தது, பீரோவிலேயே கிடந்தது. முதல் பக்கத்தில் நல்ல விஷயமாக எழுதவேண்டும் என்பதால் பிள்ளைகளைப் பற்றி எழுதுகிறேன்.

என் மூத்த மகன் சீனிவாசனின் பிள்ளைகள் மூன்று பேர். ஹரிபிரசாத் பெங்களூரில் கம்ப்யூட்டர் இன்ஜினியர். படிப்பு முடியும் முன்பே வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். எங்கள் தெருவில் விமானத்தில் ஏறிய முதல் ஆள் அவன்தான். காலேஜ் இரண்டாம் வருடம் அவனுக்கு லேப்டாப் வாங்கிக் கொடுத்தது நான். நாலு வருடம் முன்பு, ஐப்பசி மாதம். மூத்தவள் சிவரஞ்சனி மதுரையில் பல் டாக்டர். போடிக்கு வந்தால் என் பொய்ப்பல்லைக் கழற்றிப் பார்த்து, கட்டியவனைத் திட்டிவிட்டுப் போவாள். கடைக்குட்டி அபினவ் நீச்சலில் மாவட்டத்தில் இரண்டாவது. முதலில் வந்த பையன் வயதைக் குறைத்துச் சொன்னவன் என்று சீனிவாசன் சொன்னான். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. என் வயிற்றுக் கொடியில் இத்தனை படிப்பு.

மூன்று பேர் போட்டோவும் கூடத்துச் சுவரில் இருக்கிறது. ஹரியினுடையது வெயில் பட்டு வெளுத்துவிட்டது. புதிது கேட்டிருக்கிறேன்.

இளையவன் தெய்வேந்திரன் இப்போது உயிரோடு இல்லை. அவன் மகள் இந்துஜா பிளஸ் டூவில் பள்ளிக்கூடத்திலேயே முதல் மார்க்காம். அவள் அம்மா நாகஜோதி தெருவெல்லாம் கல்கண்டு கொடுத்தாள். பெண் பிள்ளை மார்க்கு. சுவரில் இடமும் இல்லை.

மே 14, புதன்

காலையில் கஞ்சி வைத்துவிட்டு நாகஜோதி போகாமல் நின்றாள்.

“அத்த, ஒண்ணு கேக்கணும்.”

“கேளு. காத்த மறைக்காம தள்ளி நின்னு கேளு.”

“கொட்டத்துல கெடக்குற ஜீப்ப சரி பண்ணி நானே ஓட்டவா?”

மாட்டுக்கொட்டத்தில் தெய்வேந்திரனின் ஜீப் கிடக்கிறது. போடிமெட்டுச் சாலையில் கவிழ்ந்து அவன் போன பிறகு கட்டி இழுத்து வந்து போட்டது. ஃபோர் வீல் ஜீப். தரைத்தகடு துருப்பிடித்து உதிர்ந்து, சீட்டில் கோழி அடைகாக்கிறது. ஆர்.சி. புத்தகம் என் பெயரில். என் புருஷன் விட்டுப்போன தோட்டத்தை விற்று நான் வாங்கிய வண்டி அது.

நாகஜோதி தினமும் வேறொருவன் ஜீப்பில் மலைக்கு ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகிறாள். மகளிர் குழுவில் ஓட்டப் பழகி லைசென்ஸ் எடுத்ததை எனக்குச் சொல்லவேயில்லை.

“பொம்பள ஓட்டுற ஜீப்புல எவ ஏறுவா?” என்றேன்.

“என்கூட வேலை பாக்குற ஒச்சம்மாக்கா, அவுக கூட்டாளிக எல்லாம் ஏறுறேன்னுருக்காக. ஜீப் ஓடுனா இந்துஜாவ நர்சிங் சேத்துருவேன் அத்த. ஆடியில ஏலக்காய்ப் பறிப்பு தொடங்குறதுக்குள்ள ஓட்டிட்டாப் போதும்.”

யோசித்துப் பார்த்தேன். கொட்டத்தில் போட்டு மக்க விட்டாள் கிழவி என்று தெருவில் பேச்சு இருக்கிறது. வாடகையும் வரும். மெக்கானிக் காதர் பாயைக் கூப்பிட்டு, அவர் எதிரிலேயே சொன்னேன்: “செலவும் பாடும் ஒன்னோடது. வண்டி ஓடுற நெலைக்கு வந்துட்டா சாவி ஒன் கையில.”

காலில் விழுந்தாள். எண்ணெய் வைத்த தலை. புடவையில் கறை.

மே 23, வெள்ளி

மாவடு போட்டேன். கோழியை வேறு கூடைக்கு மாற்றியாயிற்று.

காதர் பாய் வண்டிக்கடியில் படுத்து சுத்தியலால் தட்டிப் பார்த்தார். அடிச்சட்டம் பிழைத்துவிட்டதாம், தகடுதான் போய்விட்டதாம். புதுத் தகடு வேண்டாம், தார் டின்னை வெட்டி விரித்து வெல்டு வைக்கலாம் என்றார். நல்ல மனுஷன், செலவு தெரிந்தவர்.

நாகஜோதி மலையிலிருந்து வந்ததும் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். அவள் தும்மினால் செம்பழுப்பாக வருகிறது. இந்துஜாவும் கூட உட்கார்ந்து தேய்க்கிறாள். சாப்பாடு தாமதமாகிறது. சொல்லிக் காட்டினேன். நாளையிலிருந்து முன்னமே வடித்து வைத்துவிட்டுத் தேய்க்கிறாளாம்.

ஜூன் 2, திங்கள்

கதவுக்குக் கீழே இடப்பக்கம் தார் டின் தகடு வைத்தாயிற்று. டின்னுக்கே உள்ள வரிமேடு ஒன்று நீளமாகத் தெரிகிறது. தட்டித் தட்டிப் பார்த்தும் அமுங்கவில்லை. “இருந்துட்டுப் போகட்டும் பாய். அடையாளம் மாதிரி இருக்கு” என்றாள் நாகஜோதி.

ஹரி போன் செய்யவில்லை. வேலை அதிகம்.

ஜூன் 9, திங்கள்

முன் சக்கரத்துக்குப் போகிற சாமான் எல்லாம் இறுகிவிட்டதாம். “பின் சக்கர ஓட்டத்துலயே ஓட்டலாம் பெரியம்மா, செலவு பாதியாக் கொறையும்” என்றார் காதர் பாய். எனக்குச் சரியாகத்தான் பட்டது.

நாகஜோதி கேட்கவில்லை. “தார் ரோடு வரைக்கும் எந்த ஜீப்பும் போகும் பாய். அதுக்கு மேல எஸ்டேட்டுக்குள்ள செம்மண்ணு. மழை பேஞ்சா முன் சக்கரம் இழுக்கணும். இல்லைன்னா பொம்பளைகள எறக்கி விட்டுத் தள்ளச் சொல்வாக. நான் தள்ளிருக்கேன்.”

சாயங்காலமே தோட்டை விற்றுவிட்டு வந்தாள். காது மூடிவிடாமல் இருக்க வேப்பங்குச்சி சொருகியிருக்கிறாள். அது அவளுக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

ஜூன் 19, வியாழன்

என் ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்தது. இந்துஜா போய் வாங்கி வந்தாள்.

இன்று பிரேக்கைப் பிரித்தார்கள். காதர் பாய் பழைய லைனரைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் கொண்டுவந்து காட்டினார். வாழைப்பழத் தோல் மாதிரி மெலிந்திருந்தது.

“அப்பவே மாத்தச் சொன்னேன் பெரியம்மா. ‘அம்மா அடுத்த மாசம் தர்றேன்னுருக்கு’ன்னான்.”

“எந்த மாசம்?” என்று நாகஜோதி கேட்டாள்.

“ஐப்பசிதான்.”

செத்தவன் கணக்கை எல்லாம் இப்போது எதற்குத் திறக்கவேண்டும். பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். வண்டி கவிழ்ந்த அன்று சோறு கட்டித் தர இவள் தாமதம் செய்தாள். அந்த அவசரத்தில் போனவன்தான் அவன். அதை யாரும் பேசுவதில்லை.

ஜூன் 30, திங்கள்

இன்ஜின் பிடித்துவிட்டது. கறுப்புப் புகை கொட்டத்தை மூடியது. கோழிகள் ஓடின. இந்துஜா கைதட்டினாள். நாகஜோதி ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். டீசல் வீணாகிறது என்று நான்தான் நிறுத்தச் சொன்னேன்.

பரணில் தேடி என் மூங்கில் குச்சியை எடுத்தேன். தெய்வேந்திரன் ஓட்டிய காலத்தில் தினமும் சாயங்காலம் டீசல் டாங்கியில் அதை விட்டு அளந்து பார்ப்பேன். கத்தியால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். நான் அளக்கத் தொடங்கிய பிறகுதான் அவனுக்குச் சிக்கனம் வந்தது. கோடு இன்னும் அழியவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

மலைக்குப் போய் வந்தோம். ஜீப் நன்றாக ஏறியது. முழங்கால் வலி.

ஜூலை 14, திங்கள்

நேற்று முழுதாக எழுத மனம் வரவில்லை. இன்று எழுதுகிறேன்.

முனீஸ்வரன் கோயிலில் எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டுக் கிளம்பினோம். நான் முன் சீட்டில். பின்னால் ஒச்சம்மாவும் கூட்டாளிகளும் இந்துஜாவும். நாகஜோதி நன்றாகத்தான் ஓட்டினாள். மேலே போய் எஸ்டேட்டுக்குள், முன் சக்கரத்தை ஓட வைக்கிற சின்னக் கியர் குச்சியை இழுத்துப் போட்டாள். சேற்றில் முன் சக்கரம் தரையைக் கவ்வி இழுத்தது. “அடியே, நம்மள எறங்கச் சொல்லாத ஜீப்பு இதான்டி” என்று ஒச்சம்மா சிரித்தாள். மெட்டில் டீ குடித்தோம்.

இறக்கத்தில் இவள் இரண்டாவது கியரிலேயே வந்தாள். இன்ஜின் உறுமிக்கொண்டே வருகிறது.

“நியூட்ரல் போடு. வண்டி தானா எறங்கும். டீசல் எதுக்குத் திங்க விடுற?” என்றேன்.

கியரைத் தொடவில்லை.

“என் மகன் எறக்கத்துல என்னைக்கும் கியர்ல வந்ததில்ல. தெரியுமா?”

வளைவில் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினாள். பக்கத்தில் சுண்ணாம்பு அடித்த கல் நிற்கிறது. அவனுக்கு நட்ட கல். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல், சத்தம் போடாமல் சொன்னாள்:

“கல்யாணமான புதுசுல அவுக கியர்லதான் எறங்குவாக. நீங்க குச்சிய விட்டு அளந்து பாத்து, ஒரு கோடு கொறஞ்சா ஒரு வேளை சோறு போடாம விட்டீகளே, அதுக்குப் பெறகுதான் நியூட்ரல்ல வந்தாக. பிரேக்கு தேஞ்சது அதுலதான். மாத்தக் கேட்டப்ப நீங்க லேப்டாப்பு வாங்குனீக. நான் இத்தன நாளும் சொல்லல அத்த. இந்த எடத்துல வந்து நியூட்ரல் போடுன்னு சொல்லாதீக.”

பின்னால் ஒச்சம்மா வெளியே பார்த்தாள். என் பேத்தி என்னைப் பார்த்தாள்.

மறுபடி இரண்டாவது கியர் போட்டு இறங்கினாள். கீழே வரும்வரை அந்த உறுமல் என் காதிலேயே இருந்தது. பறிக்கப் போகிற கூலிக்காரிகள் முன்னால் என்னை இப்படிப் பேச ஒருத்தி.

இன்று காலை எதுவும் நடக்காததுபோலக் கஞ்சி வைத்தாள். நானும் எதுவும் நடக்காததுபோலக் குடித்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

இந்துஜாவைக் கூப்பிட்டு ஜீப்பைப் போட்டோ எடுக்கச் சொல்லி ஹரிக்கு அனுப்பச் சொன்னேன். பிள்ளைக்குச் சந்தோஷம். பச்சை பெயின்ட் தெரிகிற மாதிரி நாலு பக்கமும் எடுத்தாள். “எங்கம்மா சரி பண்ணின ஜீப்” என்று தானாகச் சேர்த்து எழுதினாளாம்.

நான் என்ன அனுப்பினாலும் மூன்று நாள் கழித்து ஒரு கட்டைவிரல் படம் போடுகிறவன், இன்று உடனே போன் செய்தான்.

“அப்பத்தா, இந்த மாதிரி பழைய ஃபோர் வீலுக்கு இங்க என்ன மவுசு தெரியுமா? எனக்குக் குடுத்துரு அப்பத்தா. நான் கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்குறேன்.”

என்னிடம் அவன் இதுவரை எதுவும் வாய்விட்டுக் கேட்டதில்லை. எல்லாம் சீனிவாசன்தான் கேட்பான். இது அவனே கேட்டது.

ஜூலை 16, புதன்

ஆனி கடைசி நாள். நாகஜோதி குளித்து, மஞ்சள் துணி ஒன்றை மடித்து எடுத்துக்கொண்டு வந்தாள்.

“நாளைக்கு ஆடி பொறக்குது அத்த. இன்னைக்கே சாவி குடுத்துருங்க.”

“இன்னைக்கு நாள் சரியில்ல.”

“அப்ப நாளைக்கு?”

“ஆடியில சாவி கைமாறக்கூடாது. ஆவணி ஒண்ணாந் தேதி வாங்கிக்க.”

“பறிப்பு தொடங்கப்போகுது அத்த. பழைய ஜீப்புல என் எடத்துக்கு வேற ஆள ஏத்திட்டாக. நர்சிங்குக்கு இந்த மாசம்தான் சேக்குறாக.”

“சாமி காரியத்துல என்ன அவசரம் ஒனக்கு?”

மஞ்சள் துணியை மறுபடி மடித்துக்கொண்டு போனாள்.

ஜூலை 27, ஞாயிறு

பெயின்டர் வந்தான். எங்கள் பக்கம் வண்டியின் முன் கண்ணாடிக்கு மேல் வீட்டுப் பிள்ளையின் பெயரை எழுதுவது வழக்கம். யார் பெயர் இருக்கிறதோ வண்டி அவர்களுடையது என்று கைப்பிள்ளைக்கும் தெரியும். நாகஜோதி அவனிடம் முன்னமே “இந்துஜா” என்று சொல்லி வைத்திருக்கிறாள். அவள் ரேஷன் கடைக்குப் போன நேரத்தில் நான் தாளில் பெயர் எழுதிக் கொடுத்தேன். என் கையெழுத்து இன்னும் நேராகத்தான் இருக்கிறது.

அவள் அரிசிப் பையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தபோது பெயின்டர் கடைசி எழுத்துக்குப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தான். மஞ்சள் எழுத்து, சிவப்பு ஓரம். ஹரிபிரசாத்.

“இந்துஜான்னுல்ல சொன்னேன் அண்ணே.”

“பெரியம்மாதான் எழுதிக் குடுத்தாக தங்கச்சி.” அவன் பிரஷ்ஷைத் துடைக்க ஆரம்பித்துவிட்டான்.

பையை இறக்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

“அத்த. சாவி?”

“ஹரி வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கிட்டுப் போறான்.”

“காதர் பாய் முன்னாடி சொன்னீகளே.”

“ஆர்.சி. யாரு பேருல இருக்கு?”

“என் தோடு?” என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

“புருசன் போன காதுக்குத் தோடு எதுக்குடி?” என்றேன்.

பெயின்டர் கூலி வாங்காமல் போய்விட்டான். கொடுத்து அனுப்பவேண்டும்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

என் தங்கம் வந்தான். தாடி வைத்திருக்கிறான், இளைத்திருக்கிறான். கூட ஒரு சிநேகிதன். நாட்டுக்கோழி அடித்து, சீரகச்சம்பா வடித்து வைத்திருந்தேன். வழியிலேயே சாப்பிட்டுவிட்டார்களாம். எங்கள் வீட்டுத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாதாம், கேன் கொண்டு வந்திருந்தார்கள். போட்டோவை மாற்றவேண்டும், புதிது கொடு என்றேன். “போய் அனுப்புறேன் அப்பத்தா” என்றான். ஜீப்பைத்தான் சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்தான்.

கொண்டு போக லாரி வந்திருந்தது. பலகை வைத்து ஏற்றவேண்டும். ஹரி ஏறி உட்கார்ந்தான். அந்தச் சின்னக் குச்சி என்ன என்று தெரியவில்லை. வண்டி இரண்டு முறை நின்றுவிட்டது. சிநேகிதன் சிரித்தான். லாரிக்காரனும் சிரித்தான். பிள்ளைக்கு முகம் சிறுத்துவிட்டது.

“நாகஜோதி, வந்து ஏத்திக் குடு” என்றேன்.

வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். சின்னக் குச்சியை இழுத்தாள். பலகையில் ஒரே மூச்சில் ஏற்றி நிறுத்திவிட்டு இறங்கினாள். சாவியை ஹரியின் உள்ளங்கையில் வைத்தாள்.

“பிரேக்கு புதுசு தம்பி. நம்பி மிதிக்கலாம்.”

“தேங்க்ஸ் சித்தி” என்றான். மரியாதை தெரிந்த பிள்ளை.

இந்துஜா வாசலில் நின்று கேட்டாள்: “ஆடியில சாவி கைமாறக்கூடாதுன்னீகளே அப்பத்தா?”

“ஆம்பளப் பிள்ளைக்கு அது கெடையாது.”

கோழிக்குழம்பு இரண்டு நாளைக்கு வரும்.

ஆகஸ்ட் 2, சனி

நாகஜோதி அடுப்பைப் பிரித்துக்கொண்டாள். வீட்டுப் பின்கட்டில் தனியாகப் பொங்குகிறாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஒரு ஆளுக்கு எவ்வளவு உப்பு போடுவது என்று கைக்குத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்தது. காதர் பாய் தெருவில் போனார். கூப்பிட்டேன். காதில் விழவில்லை போல.

நர்சிங்கில் ஆள் சேர்த்து முடித்துவிட்டார்களாம். இந்துஜா அவள் அம்மாவோடு மலைக்குப் போகிறாள். இடம் கிடைக்காமல் ஜீப்பின் பின்னால் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நிற்கிறாளாம், ஒச்சம்மா ஊரெல்லாம் சொல்கிறாள். ஏலத்தோட்டம் நிழல். வெயில் படாத வேலை. நான் அந்த வயதில் கல் உடைத்தேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

இந்துஜா அபூர்வமாக முன் கட்டுக்கு வந்தாள். போனை நீட்டினாள். விரலெல்லாம் ஏலக்காய்க் கறை.

“ஹரி அண்ணன் ஸ்டேட்டஸ்ல போட்டுருக்காக அப்பத்தா. அவுக சிநேகிதர் காபிக் கடை தெறந்துருக்காராம். வாசல்ல பாருங்க.”

கண்ணாடி போட்டுப் பார்த்தேன். ஒரு ஜீப். சக்கரம் இல்லை, செங்கல் மேல் நிற்கிறது. ஊதா பெயின்ட். இன்ஜின் இருக்கவேண்டிய இடத்தில் மண் கொட்டிப் பூச்செடி வைத்திருக்கிறார்கள். பின் சீட்டில் இரண்டு பெண்கள் கப்போடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

“இது நம்ம ஜீப் இல்லையா?”

“ஜீப்பெல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கும்.”

“கதவுக்குக் கீழ பாருங்க. தார் டின் மேடு.”

“எல்லா ஜீப்புக்கும் அந்த மேடு உண்டு.”

“பேர அழிச்சிட்டாக அப்பத்தா.”

“பேரு இல்லையில்ல? அப்ப நம்ம ஜீப் இல்ல.”

நிற்காமல் போய்விட்டாள். தலை சுற்றியது. மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தேன். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில்தான் பின் கட்டு.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. ஹரி வரவில்லை. வேலை அதிகம். சிவரஞ்சனி மாமியார் வீட்டில். அபினவுக்குப் போட்டி. சீனிவாசன் பேசினான், பாதியில் சார்ஜ் போய்விட்டது. நாகஜோதி எண்ணெய்ச்சட்டி வைத்த வாசம் வந்தது. இந்துஜா தட்டில் இரண்டு அதிரசம் கொண்டுவந்து வைத்தாள். அவள் அம்மா கொடுக்கச் சொன்னாளா, இவளாகக் கொண்டுவந்தாளா என்று கேட்கவில்லை.

மூங்கில் குச்சியை உடைத்து அடுப்பில் போட்டேன். ஐப்பசி மழை ஈரம், எரியவில்லை. புகைந்தது.

கூடத்தில் ஹரியின் போட்டோவில் இப்போது முகம் இருந்த இடம் வெள்ளையாகத்தான் இருக்கிறது. சட்டத்தைக் கழற்றித் துடைத்து வைத்திருக்கிறேன். இந்துஜாவை உட்காரச் சொல்லி, ஹரிக்கு எழுதச் சொன்னேன். நான் சொன்னபடியே எழுதினாள்:

“ஹரிக்கண்ணு, நல்லாயிருக்கியா. நான் நல்லாயிருக்கேன். சட்டம் காலியா இருக்கு. புதுசா ஒரு போட்டோ அனுப்பு. ஜீப்புல உக்காந்து எடு. முன்னாடி நின்னு எடுக்கச் சொல்லு, கண்ணாடிக்கு மேல பேரு தெரியுற மாதிரி.”

எழுதி முடித்துவிட்டு விரலை எடுக்காமல் வைத்திருந்தாள்.

“வேற எதுவும் சொல்லணுமா அப்பத்தா?”

“பேரு நல்லாத் தெரியணும்னு இன்னொரு தடவ எழுது” என்றேன்.